பாங்காக் தெருக்கடையில் பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: மருத்துவருக்கு வணக்கம். எனக்கு 31 வயது. சொந்த ஊர் கும்பகோணம். சென்ற ஆண்டு வேலை நிமித்தமாகப் பாங்காக் வந்தேன். தனியாகத் தங்கியிருக்கிறேன். என் அலுவலகம் இருக்கும் சாத்தோன் பகுதியில் காலையிலிருந்து இரவு வரை தெருவெல்லாம் சாப்பாட்டுக் கடைகள்தான். அலுவலகத் தோழிகள் தினமும் மதியம் அங்கேதான் போகிறார்கள். என்னையும் அன்போடு கூப்பிடுகிறார்கள். டிபன் பாக்ஸைக் காட்டித் தட்டிக்கழித்து வந்தேன். ஒருநாள் துணிந்து அவர்களுடன் போய், பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் ‘சோம் தம்’ சாப்பிட்டேன். அரை மணி நேரத்துக்குள் உதடும் தொண்டையும் அரித்தன, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது, இரண்டு முறை வாந்தி. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இல்லை. மாலைக்குள் சரியாகிவிட்டது. காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோழிகள் சொன்னார்கள். ‘தெருவில் கண்டதையும் தின்றால் இப்படித்தான்’ என்று அம்மா போனில் திட்டினார். அன்றிலிருந்து வெளியே எதையும் தொடவில்லை. ஆனால் ஒரு ஊரில் குடியிருந்துகொண்டு அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. வறுத்த பூச்சிகளைக்கூட ஒருமுறை ருசிபார்க்க ஆசை. எது சுத்தம், எது ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? அசிடிட்டிக்காக இரண்டு வருடமாகத் தினமும் காலையில் பான்டோப்ரசோல் மாத்திரை போடுகிறேன். மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. சின்ன வயதில் இறால் சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வரும் என்பதால் இறாலும் சாப்பிடுவதில்லை. அக்டோபரில் அம்மா வருகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், சுத்த சைவம். அவரை எங்கே அழைத்துப் போவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாட்டிறைச்சிக்கு அடுத்து, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சின்ன வயதில் இறால் சாப்பிட்டால் தடிப்பு வரும் என்று. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்று உங்களைப் படுத்தியது கடையின் அழுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. காரமும் இல்லை. இறால் ஒவ்வாமை மறுபடி தலைகாட்டியிருக்கிறது என்றே நினைக்கிறேன். பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்த முடியும். அதுவரை அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

‘நான் இறாலே சாப்பிடவில்லையே’ என்பீர்கள். சோம் தம் போடுபவர் உரலில் என்னென்ன போடுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் பூண்டும் சின்னச் சின்ன மிளகாயும் விழும். மர உலக்கையால் நாலு இடி. பிறகு பனைவெல்லம், ஒடித்த காராமணிக்காய், தக்காளி, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, வறுத்த வேர்க்கடலை. இவற்றோடு ஒரு கரண்டி, ஆரஞ்சு நிறத்தில் நகத்தளவு சுருண்டு கிடக்கும் உலர்ந்த பொடி இறால். நம் கருவாட்டுக் கடைகளில் சென்னாக்குன்னி என்று விற்பார்களே, ஏறக்குறைய அதேதான். கடைசியில் சீவிய பப்பாளிக்காய். எல்லாம் சேர்ந்து இடிபட்டுத் தட்டுக்கு வரும்போது அந்த இறால் கண்ணிலேயே படாது. ‘இறால் வேண்டாம்’ என்று சொல்லி வாங்கினாலும் உங்களுக்கு அது போதாது. அந்த உரல் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே கழுவப்படுவதில்லை. முந்தைய ஆளுக்கு இடித்த இறாலின் சாறு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இது உணவு நஞ்சாதல் இல்லை என்று ஏன் சொல்கிறேன்? நேரத்தைப் பாருங்கள். கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வேலையைக் காட்ட அவகாசம் வேண்டும். தாய்லாந்தில் அதிகம் தொல்லை தரும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமிக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். வயிறு கெட்டதும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது எல்லோருக்கும் வழக்கம். பல சமயம் குற்றவாளி முந்தாநாள் சாப்பாடாக இருக்கும். கிருமிகள் ஏற்கெனவே உணவில் கக்கிவைத்த நச்சுதான் சீக்கிரம் வாந்தியைக் கொண்டுவரும், அதுவும் பெரும்பாலும் ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள். அந்த வாந்தியோடு உதடு அரிக்காது, கழுத்தில் தடிப்பு எழாது. கெட்டுப்போன சில மீன்களால் முகம் சிவந்து அரிப்பதுண்டு. நீங்கள் சாப்பிட்டது அது இல்லை. காரம் நாக்கை எரிக்கும், கண்ணில் நீர் வரவைக்கும், தோலில் தடிப்பை எழுப்பாது.

அரிப்பு, தடிப்பு, வாந்தி மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தோலும் குடலும் சேர்ந்து எதிர்ப்புக் காட்டினால் அதை நாங்கள் லேசான ஒவ்வாமை என்று எழுதிவிட மாட்டோம். அடுத்த முறை மூச்சும் ரத்த அழுத்தமும் பாதிக்கப்படலாம். அது நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகலாம். பால், முட்டை ஒவ்வாமைகள் குழந்தைகளுக்கு வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். இறால், நண்டு ஒவ்வாமை பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் தொடரும். நன்றாக வேகவைத்தாலும் வறுத்தாலும் பயனில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சூட்டில் அழிவதில்லை.

ஆகவே இந்த வாரமே ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பாங்காக்கில் அதற்குக் குறைவில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும், ஐஜிஇ எனப்படும் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அன்று நடந்ததை நிமிட வாரியாக எழுதிக் கொண்டுபோங்கள். சோதனை முடிவைப் போலவே அந்தக் குறிப்பும் முக்கியம். அட்ரினலின் ஊசி கையில் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேளுங்கள். என் கருத்து, வேண்டும். எழுதிக் கொடுத்தால் அதை வீட்டு அலமாரியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், போடும் முறையைத் தோழி ஒருவருக்கும் கற்றுக்கொடுங்கள். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள் போட வேண்டும். மூச்சுத் திணறல், குரல் மாறுதல், தலைசுற்றல் எது வந்தாலும் முதலில் ஊசி, அடுத்து 1669-க்கு அழைப்பு. அதுதான் தாய்லாந்தின் அவசர மருத்துவ எண். மூச்சுத் திணறல் இருந்தால் சாய்ந்து உட்காருங்கள், இல்லையென்றால் காலை உயர்த்திப் படுங்கள். எழுந்து நடக்க வேண்டாம். செட்ரிசின் போன்ற மாத்திரை அரிப்பைத் தணிக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையும் ரத்த அழுத்தச் சரிவையும் அது தடுக்காது. மாத்திரை போட்டுவிட்டோம் என்று காத்திருந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரம் இருங்கள். சிலருக்கு அதே தொல்லை மறுபடி வரும்.

இந்த விஷயத்தில் ஒரு பிசகும் கூடாது. மற்றபடி, நீங்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டிய அவசியமே இல்லை.

இறால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘கபி’ என்ற இறால் விழுதுதான் பெரிய கண்ணி. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு மசாலாக்களில் அது அரைபட்டிருக்கும். கோழிக் குழம்பு என்று நம்பிச் சாப்பிடுவீர்கள், உள்ளே கபி இருக்கும். டாம் யம் சூப்பில் போடும் வறுமிளகாய் விழுதில் உலர்ந்த இறால் உண்டு. பாட் தாய் நூடுல்ஸில் உண்டு. மாங்காய்க் கீற்றோடு ஒரு கெட்டியான பழுப்புச் சாறு தருவார்கள். இனிப்பும் உப்புமாக இருக்கும் அதிலும் பெரும்பாலும் இறால்தான். மாங்காய்க்கு உப்பு, மிளகாய், சர்க்கரை கலந்த பொடியைக் கேட்டு வாங்குங்கள். மீன் சாறு வேறு கதை: அது நெத்திலியை உப்பிலிட்டு வடிப்பது. மீனில் ஒவ்வாமை தரும் புரதமும் இறாலில் இருப்பதும் வெவ்வேறு. இறால் ஆகாதவர்கள் பலர் மீனைத் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் மீன், சிப்பிச் சாறு இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள்; சிப்பியில் இறாலுக்கு உறவான புரதம் உண்டு, அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பாங்காக் தெருவில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. பல கடைகள் தலைமுறையாக ஒரே ஒரு பண்டத்தை மட்டும் செய்பவை. கோழிச்சோற்றுக் கடையில் கோழிச்சோறு மட்டும்தான். கோழி வேகவைத்த நீரிலேயே சோறு ஆக்கி, மேலே கோழித் துண்டு, பக்கத்தில் சோயா விழுதும் இஞ்சியும் மிளகாயும் கலந்த தொக்கு, ஒரு கிண்ணம் தெளிந்த சூப். அந்தக் கடைக்குள் இறால் நுழைய வேலையே இல்லை. அதுபோலக் கரி அடுப்பில் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும் விற்கும் கடைகள். ஆனால் பக்கத்திலேயே சோம் தம் உரல் இருக்கும், கத்தியும் பலகையும் தனியா என்று பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன்: கனோம் குரோக். நம் குழிப்பணியாரக் கல்லைப் போன்றே குழிகள் கொண்ட இரும்புக் கல். அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, மேலே கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி மூடிவைப்பார்கள். அடி மொறுமொறுப்பாகவும் நடு இளகியும் இருக்கும். சுடச்சுட வாயில் போட்டால் நாக்கைச் சுடும் என்று தெரிந்தும் போடுவோம். மேலே வெங்காயத்தாள், சோளம், சேப்பங்கிழங்கு தூவுவது வழக்கம்; சில கடைகளில் இறாலும் வைப்பார்கள், அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள். காரம் வேண்டாத நாளில் மாம்பழமும் ஒட்டரிசியும் இருக்கவே இருக்கிறது.

கேட்டதைச் சமைத்துத் தரும் வாணலிக் கடைகளில் உங்களுக்குச் சிக்கல் உண்டு. ஒரே வாணலியில் இறாலும் கோழியும் மாறி மாறி வதங்கும். பொரிப்புக் கடைகளில் எல்லாம் ஒரே எண்ணெய். மருத்துவர் சொல்லும்வரை இவற்றைத் தள்ளிவையுங்கள். அலுவலகத் தோழி ஒருவரிடம் தாய் மொழியில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ‘எனக்கு இறால், நண்டு, உலர்ந்த இறால், கபி எதுவும் ஆகாது, சாப்பிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்’ என்று தெளிவாக, பெரிய எழுத்தில். வாயால் சொல்வதானால் ‘பே குங்’ என்றால் இறால் ஒவ்வாமை. ஆனால் உச்சரிப்பின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறிப்போகும் மொழி அது. சீட்டைக் காட்டுவதே நல்லது. கடைக்காரர் யோசித்துத் தலையை ஆட்டி ‘வேண்டாம்’ என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

பூச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் ‘தாராளமாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லியிருப்பேன். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கைகளின்படி தாய்லாந்தில் சுமார் 20,000 பூச்சிப் பண்ணைகள் இருந்தன. சில்வண்டுகளை அங்கே கோழி வளர்ப்பதுபோல வளர்க்கிறார்கள். புரதம் நிறைந்த, நன்றாக வறுபட்ட உணவு. அருவருப்பு நம் பழக்கத்தில் இருக்கிறதே தவிர உணவில் இல்லை. ஆனால் உங்களுக்கு மட்டும் அது கூடவே கூடாது. இறாலும் வெட்டுக்கிளியும் உயிரின வகைப்பாட்டில் நெருங்கிய உறவு. இறாலில் உங்களைத் தாக்கும் அதே ட்ரோபோமயோசின் பூச்சிகளிலும் இருக்கிறது. வெட்டுக்கிளி, சில்வண்டு, பட்டுப்புழு, மூங்கில் புழு எதுவும் வேண்டாம், ‘ஒரே ஒரு கால் மட்டும்’ என்றுகூட வேண்டாம். தோழிகள் வற்புறுத்தினால் காரணத்தைச் சொல்லுங்கள். கூச்சம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தால் மறுபடி மறுபடி நீட்டுவார்கள். ஒவ்வாமை இல்லாத உங்கள் தோழிகளும் அன்றன்றைக்கு வறுத்ததை மட்டும் வாங்குவது நல்லது. சரியாகக் குளிர்பதனம் செய்யாத பூச்சிகளில் ஹிஸ்டமைன் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் வேதிப்பொருள் சேர்ந்து, சாப்பிட்டவர்கள் கூட்டமாக மருத்துவமனைக்குப் போன நிகழ்வு தாய்லாந்தில் பதிவாகியிருக்கிறது. வறுத்தால் ஹிஸ்டமைன் போகாது.

இனி சுத்தம். நாம் பொதுவாகக் கடையின் தோற்றத்தைப் பார்க்கிறோம்: தரை ஈரமா, நாற்காலி பழசா, சாக்கடை பக்கத்திலா என்று. கிருமிக்கு வேண்டியது மிதமான சூடும் நேரமும்தான். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: சமைக்கும்போது உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், குளிர்பதனம் 5 டிகிரிக்குக் கீழே, சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பாருங்கள். கண்ணெதிரே கொதிக்கும் பானையிலிருந்து எடுத்துத் தரும் நூடுல்ஸ் சூப், கடை எவ்வளவு பழசாக இருந்தாலும், பெரும்பாலும் பாதுகாப்பானது. குளிரூட்டிய உணவு விடுதியில் காலையில் சமைத்து வெதுவெதுப்பாக மாலைவரை பரப்பி வைத்திருக்கும் பதார்த்தங்கள்தான் எனக்குப் பயம் தருபவை. சோற்றுக்குக் குழம்பு வகைகளைத் தட்டுகளில் அடுக்கி வைத்திருக்கும் கடைகளுக்குத் தோழிகளோடு போனால் காலையிலேயே, ஆவி பறக்கும்போதே போய்விட வேண்டும். உங்களுக்கு அங்கே கபி பிரச்சினையும் இருப்பதால், கூடப் போய் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் வீட்டு விஷயம். முந்தைய நாள் இரவு வடித்த சோற்றை மேடையிலேயே விட்டுவைத்து, காலையில் எலுமிச்சைச் சாதமாகக் கிளறி டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. பாங்காக்கின் இரவு நம் சித்திரை இரவைப் போன்றது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாவதில்லை; அறைச் சூட்டில் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கின்றன; அந்த நச்சு மறுபடி வதக்கினாலும் அழியாது. மீந்த சோறு உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். அம்மாவிடமும் சொல்லுங்கள். தெருக்கடையைக் கண்டு பயப்படும் எத்தனையோ வீடுகளில் இதைச் செய்கிறார்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை: பச்சை இறைச்சியைத் தொட்ட கை கழுவாமல் வெந்ததைத் தொடுகிறதா? பணம் வாங்குபவரும் பரிமாறுபவரும் ஒருவரேயானால் இடையில் இடுக்கியோ கையுறையோ இருக்கிறதா? அங்கே பக்கத்து அலுவலகத்தார் வரிசையில் நிற்கிறார்களா? கூட்டம் இருந்தால் எதுவும் தேங்காது, அதுதான் காரணம். தாய்லாந்துச் சுகாதார அமைச்சகம் தேர்ச்சி பெற்ற கடைகளுக்கு ‘சுத்தமான உணவு, நல்ல சுவை’ என்ற பலகை தந்திருக்கிறது. இருந்தால் நல்லது, இல்லை என்பதால் மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. ஐஸ் வாங்கினால் நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸாக இருக்கட்டும், அது தொழிற்சாலையில் செய்வது. பெரிய கட்டியை உடைத்த தூள் ஐஸ் வேண்டாம். உறைவதால் கிருமி சாகாது. ‘சுடச்சுடச் சாப்பிடு, பொதுக் கரண்டி வை, கை கழுவு’ என்று அந்த நாட்டுச் சுகாதாரத் துறை பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் செய்வித்திருக்கிறது. தோழிகள் நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்ணும்போது அந்தப் பொதுக் கரண்டியை எடுத்துப் போடுவது யாருக்கும் அவமரியாதையாகத் தோன்றாது.

பச்சையாகச் சாப்பிடும் மீன், நண்டு, இறைச்சி மட்டும் யாருக்குமே வேண்டாம். வடகிழக்கில் ஈசான் பகுதியில் பச்சை நன்னீர் மீனைக் கொத்திக் காரம் சேர்த்து உண்ணும் பழக்கம் உண்டு. அந்த மீன்களில் இருக்கும் ஒருவகைத் தட்டைப்புழு பித்தநாளத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து புற்றுநோயை உண்டாக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அதைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாக வகைப்படுத்தியது. எலுமிச்சைச் சாறும் மிளகாயும் மதுவும் புழுவைக் கொல்லும் என்ற நம்பிக்கை தவறு. பச்சை நன்னீர் நண்டால் நுரையீரல் புழு வரலாம். வடக்கே பச்சைப் பன்றி இறைச்சியும் ரத்தமும் கலந்த பதார்த்தங்களால் மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பழக்கத்துக்கு மரியாதை தரலாம், இவற்றைச் சாப்பிட்டுத்தான் தர வேண்டும் என்பதில்லை. நூடுல்ஸ் கடையில் நீங்கள் மாடு தவிர்ப்பதையும் முன்பே சொல்லுங்கள்; சில கருஞ்சூப்புகளில் பன்றி அல்லது மாட்டு ரத்தம் கலப்பார்கள்.

உங்கள் பான்டோப்ரசோலுக்கு வருகிறேன். வயிற்று அமிலம் வீட்டு வாசற்காவலாளி மாதிரி. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியை அங்கேயே கொன்றுவிடும். இந்த மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. தினமும் போடுபவர்களுக்குக் கேம்பைலோபாக்டர், சால்மொனெல்லா தொற்று வரும் வாய்ப்பு அதிகம் என்பது தெளிவாக நிறுவப்பட்ட விஷயம். எப்போதோ சில வாரத்துக்கு எழுதிக்கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் மருந்துக் கடையில் தானே வாங்கி விழுங்குபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சிலருக்கு நீண்டநாள் தேவைப்படும். ரத்தக்கசிவு இருந்தவர்கள், உணவுக்குழாய்ப் புண் உள்ளவர்கள் நிறுத்தக் கூடாது. உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் வரும். உடனே ‘மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று தோன்றிவிடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் புது ஊரில் ஒருநாள் வயிறு கெடும். பயப்பட வேண்டாம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. இதைவிடச் சிறந்த முதல் மருந்து இல்லை. ஆன்டிபயாடிக்கைத் தானாக வாங்கிப் போடாதீர்கள்; நம் ஊரில் கைவசம் வைத்திருக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் தாய்லாந்துக் கேம்பைலோபாக்டரிடம் பெரும்பாலும் எடுபடாது. மலத்தில் ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஒரு நாள் முழுக்க எதுவும் வயிற்றில் தங்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்டோபரில் அம்மா வருவது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாட்கள் பாங்காக்கில் சைவ விழா. சீனர் பகுதியான யாவராட் தெரு முழுக்க மஞ்சள் கொடிகள் பறக்கும். அதில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதியிருக்கும். அந்தக் கொடி உள்ள கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது; பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. பல ஆண்டுகளில் இது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வரும். சீலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயிலில் நவராத்திரி விமரிசையாக நடக்கும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் டிக்கெட் எடுப்பதற்குமுன் இரண்டு விழாக்களின் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போய்விட்டு மாலை யாவராட்டுக்கு அழைத்துப் போனால் அம்மா உங்களைவிட உற்சாகமாகச் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். விழா இல்லாத நாட்களிலும் ‘ஜே’ கடைகள் ஊரெங்கும் உண்டு. கபி இல்லாத உணவு என்பதால் உங்களுக்கும் அவை நல்ல புகலிடம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சிப்பி மட்டும் சாப்பிடலாம் என்று கருதும் சில குடும்பங்கள் உண்டு, ஆகவே சிப்பி சேர்த்ததா என்று விசாரித்துவிட்டு உட்காருங்கள். மாவிலும் சோயாவிலும் இறால் வடிவத்தில் செய்து வைத்திருப்பார்கள். பார்த்ததும் அம்மா பதறலாம், முன்பே சொல்லிவையுங்கள்.

விழாக்கால உணவில் எண்ணெயும் மாவும் உப்பும் அதிகம். அம்மாவின் சர்க்கரைக்கு அது நல்லதில்லை. ஒரு தட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள், குளிர்பானங்களில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். புறப்படுவதற்குமுன் அவருடைய மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்: வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் எந்தெந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று. ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் தரும் சில மாத்திரைகளை, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது தொடர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்; அப்போது மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடலாம். சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையானால், சாப்பாடு இறங்காத நாளில் சர்க்கரை அபாயகரமாகக் குறையும். அந்தத் தாளின் படம் ஒன்று உங்கள் கைபேசியிலும் இருக்கட்டும். உங்கள் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். மீன் சாறும் சிப்பிச் சாறும் உங்களுக்கு ஆகுமா என்று தெரிந்துவிட்டால், இன்னும் பல கடைகளின் பெயரை உங்கள் பட்டியலில் சேர்க்கலாம்.